"தேவசித்தம்" என்று யார் சொல்வது? தேவனின் ஆளுகையையும் பாவத்துக்கான மனிதப் பொறுப்பையும் வீட்டு வேதபாடத்தில் கற்பிக்கும் முறை

சிங்கப்பூரில் தமிழ் வேதபாடக் குழு ஒன்றை நடத்துகிறவர் எவராயினும், ரோமர் நிருபத்தின் 9-ஆம் அதிகாரத்துக்கு வந்து சேரும் முன்பே ஒரு கேள்வியைச் சந்தித்துவிடுவார். "அவனன்றி ஓரணுவும் அசையாது என்று நாமே சொல்கிறோம். அப்படியானால் என் பாவத்தையும் அவர்தானே அசைத்தார்? பிறகு என்னைக் குற்றவாளி என்பது எப்படி நியாயமாகும்?" கேள்வி புதியதன்று. பவுலே அதை எதிர்பார்த்து, "அவர் இன்னும் ஏன் குற்றம்பிடிக்கிறார்? அவர் சித்தத்திற்கு எதிர்த்துநிற்பவன் யார்?" என்று எதிர்வாதம் செய்பவனின் வாயில் வைத்து எழுதியிருக்கிறார். நான் ஈசூனில் ஒரு வீட்டு வரவேற்பறையில் வெள்ளிக்கிழமை இரவுகளில் கூடும் சிறிய குழுவைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். இந்தக் கேள்வியைத் தீர்த்துவைக்கும் சூத்திரம் என்னிடம் இல்லை. அதை வேதத்தின்படி எப்படிக் கையாள்வது, எங்கே காயப்படுத்திவிடுவோம் என்பவற்றைத் தவறு செய்தே கற்றேன். குழு நடத்தும் மற்றவர்களுக்கு உதவும் என்று எண்ணி அதை இங்கே எழுதுகிறேன்.

விடை சொல்லும் முன் கேட்கிறவரைக் கவனியுங்கள்

ஓர் இரவு எங்கள் குழுவில் ஒருவர், மகளின் மேற்படிப்புக்காகச் சேர்த்துவைத்திருந்த பணத்தைச் சூதாட்டக்கூடத்தில் இழந்துவிட்டதைச் சொல்லி அழுதார். அழுது முடித்தபின், "இதிலும் ஒரு தேவசித்தம் இருக்கும், அண்ணே" என்றார். சற்று நேரம் கழித்து, அதே அறையின் மறுபக்கத்தில் அமர்ந்திருந்த அவருடைய மனைவி, "தேவசித்தம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று சொல்லித்தான் நானும் என்னைத் தேற்றிக்கொள்கிறேன்" என்றார். நான் அன்று இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். தேவனின் சர்வ ஆளுகையைப் பற்றி நன்றாகத் தயாரித்து வைத்திருந்த விளக்கம் அது. ஒரு வார்த்தைகூட உபதேசப் பிழை இல்லை. ஆயினும் கணவர் நிம்மதியாகவும் மனைவி வாயடைத்தும் வீடு திரும்பினார்கள். பாவம் செய்தவருக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடத்தையும், பாவத்தால் காயப்பட்டவருக்கு முறையிட முடியாத ஒரு சுவரையும் கொடுத்து அனுப்பிவிட்டேன் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆகவே முதல் வேலை, கேள்வி எந்த வாயிலிருந்து வருகிறது என்று பார்ப்பது. தேசிய சேவையில் இருக்கும் இளைஞர் ஒருவர் அறிவுத் தாகத்தால் கேட்கலாம். அவருக்குச் சிந்தனை வழியைக் காட்டலாம். பாவம் செய்தவர் தப்புவதற்காகக் கேட்கலாம். அவருக்குத் தேவை விளக்கமன்று, மனந்திரும்புதல். பிறருடைய பாவத்தின் பாரத்தைச் சுமக்கிறவர் கேட்கலாம். அவரிடம் அன்றைக்குப் பாடமே நடத்தக் கூடாது. யார் என்று தெளிவாகத் தெரியாவிட்டால், "இந்தக் கேள்வி உங்களுக்கு எப்போது எழுந்தது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை அதிலேயே வந்துவிடும்.

யோசேப்பின் கதையை முழுவதுமாக வாசியுங்கள்

தத்துவ விவாதத்தில் தொடங்காமல் ஆதியாகமத்தில் தொடங்குவது நல்லது. 50:20-ஐ மட்டும் வாசித்துவிட்டு நகரும் வழக்கம் நம்மிடம் உண்டு. சகோதரர் பொறாமையால் யோசேப்பைக் குழியில் போட்டு, எகிப்துக்குப் போகிறவர்களிடம் விற்ற 37-ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்தால்தான் அந்த வசனத்தின் எடை தெரியும். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ, இப்பொழுது நடந்துவருகிறபடியே, வெகு ஜனங்களை உயிரோடே காக்கும்படிக்கு, அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. இங்கே குழுவுக்கு ஒரு மொழிக் குறிப்பைச் சொல்ல வேண்டும். தமிழில் "நினைத்தீர்கள்", "முடியப்பண்ணினார்" என்று இரண்டு வினைச்சொற்கள் வருவதால், சகோதரர் தீமையைத் திட்டமிட்டார்கள், தேவன் பின்னால் வந்து அதைச் சீர்செய்தார் என்று வாசிக்கத் தோன்றும். மூல எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் "ஹாஷாப்" என்ற ஒரே வினைச்சொல்தான் இருக்கிறது. நினைத்தல், திட்டமிடுதல் என்பது அதன் பொருள். நீங்கள் தீமையாக நினைத்தீர்கள், தேவன் அதையே நன்மையாக நினைத்தார். ஒரே செயலுக்குள் இரண்டு நோக்கங்கள் இருந்தன, ஒன்று கொலைகாரப் பொறாமை, மற்றொன்று இரட்சிப்பு. தேவன் நினைத்ததால் சகோதரரின் நினைப்பு தீமையாக இல்லாமற்போகவில்லை. அவர்கள் தீமையாக நினைத்ததால் தேவனின் நினைப்பு தடைபடவுமில்லை.

அடுத்து, இந்த வாக்கியத்தைச் சொன்னது யார் என்று குழுவைக் கேளுங்கள். குழியில் போடப்பட்டவன் சொன்னான். போட்டவர்கள் சொல்லவில்லை. சகோதரர் ஆதியாகமம் 42:21-இல் தங்கள் தம்பிக்குச் செய்த குற்றத்தைத்தான் பேசுகிறார்கள், 50:17-இல் தங்கள் பாதகத்துக்கு மன்னிப்புத்தான் கேட்கிறார்கள். அவர்கள் தேவனுடைய பெயரை எடுக்கவே இல்லையா என்றால், எடுக்கிறார்கள். ஆனால் எப்படி என்று பாருங்கள். "தேவன் உம்முடைய அடியாரின் அக்கிரமத்தை விளங்கப்பண்ணினார்" என்று சகோதரரில் ஒருவனான யூதா 44:16-இல் சொல்கிறான். பாவத்தைச் செய்யவைத்தவராக அல்ல, அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவராகவே அவர்கள் வாயில் தேவன் வருகிறார். "நாங்கள் விற்றது நல்லதாய்ப் போயிற்று, நீர் அதிபதியானீரே, எல்லாம் தேவசித்தம்" என்று யூதா சொல்லியிருந்தால் அந்தக் கதை எவ்வளவு அருவருப்பாக மாறியிருக்கும் என்று ஒரு நிமிடம் எண்ணிப்பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் இந்த இடத்தில் அறையே அமைதியாகிவிடும்.

வருடக் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள். யோசேப்பு விற்கப்பட்டபோது அவனுக்கு ஏறக்குறைய 17 வயது. எகிப்தின் ராஜாவாகிய பார்வோன் முன் நின்றபோது 30. ஏழு செழிப்பான வருடங்களும் இரண்டு பஞ்ச வருடங்களும் கழிந்து, "தேவன் என்னை அனுப்பினார்" என்று முதன்முறை சகோதரரிடம் சொன்னபோது 39. அதாவது குழியிலிருந்து அந்த வாக்கியம் வரை 22 வருடங்கள். தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 வருடங்கள் வாழ்ந்து மரித்தபின்தான் 50:20 பேசப்படுகிறது. அதையும் கூட்டினால் 39 வருடங்கள். தன் காயத்தைப் பற்றிப் பரிசுத்தவானான யோசேப்புக்கே இத்தனை காலம் ஆனதென்றால், போன மாதம் காயப்பட்ட ஒரு சகோதரியிடம் "எல்லாம் நன்மைக்கே" என்று நாம் இந்த வாரம் சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? வீட்டில் அடிபடுகிற பெண்ணிடம் இந்த வசனத்தைச் சொல்லி அவளை மௌனமாக்குவதை நான் கண்டிருக்கிறேன். அது உபதேசம் அன்று. அங்கே போதகரும் குழுத் தலைவரும் செய்ய வேண்டியது, அவளைப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பதும் காவல்துறையிடம் போக உடன்செல்வதும்தான்.

பாவிகளின் வாயைத் தொடர்ந்து கவனியுங்கள்

யோசேப்பின் கதையில் கண்ட இந்த ஒழுங்கு தற்செயலா என்று குழுவில் ஒருவராவது கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். தாவீது ராஜா எருசலேமை விட்டு ஓடும்போது, சவுலின் வம்சத்தானான சீமேயி கல்லெறிந்து தூஷிக்கிறான். கர்த்தரே அவனுக்கு அப்படிக் கட்டளையிட்டிருக்கிறார் என்று 2 சாமுவேல் 16-இல் சொல்கிறவர் தூஷிக்கப்பட்ட தாவீது. சீமேயியோ 19:20-இல் வந்து விழுந்து, தான் பாவஞ்செய்ததை அறிந்திருக்கிறதாக அறிக்கையிடுகிறான். பிறகு மரணப் படுக்கையில் தாவீது சாலொமோனிடம் சீமேயியைக் குற்றமற்றவனாக எண்ணாதே என்கிறார். கர்த்தர் சொன்னார் என்ற வாக்கியத்தைத் தாவீது எப்போதும் சீமேயிக்கு விடுதலைப் பத்திரமாக நினைக்கவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

தாவீது எடுத்த ஜனத்தொகைக் கணக்கெடுப்பு இன்னும் கடினமானது. 2 சாமுவேல் 24:1 கர்த்தர் தாவீதை ஏவினார் என்கிறது. 1 நாளாகமம் 21:1 சாத்தான் ஏவினான் என்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கத் தயங்காதீர்கள். தேவன் தம் கோபத்தின் நோக்கத்தோடும் சாத்தான் அழிக்கும் நோக்கத்தோடும் ஒரே நிகழ்வில் நிற்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் நிற்கிறார், தாவீது. அவர் 2 சாமுவேல் 24:10-இல் இருவரையும் சுட்டவில்லை. தான் பெரிய பாவஞ்செய்ததாகவே சொல்கிறார். யூதாஸ் காரியத்திலும் அப்படியே. மனுஷகுமாரன் தீர்மானிக்கப்பட்டபடியே போகிறார் என்றும், ஆனாலும் காட்டிக்கொடுக்கிற மனுஷனுக்கு ஐயோ என்றும் லூக்கா 22:22-இல் ஒரே மூச்சில் சொல்பவர், காட்டிக்கொடுக்கப்பட்டவர். யூதாஸ் மத்தேயு 27:4-இல் பாவஞ்செய்தேன் என்கிறான். அவனுடைய சோகம், அதைச் சொல்லிவிட்டு இரக்கத்திடம் போகாமல் போனதுதான்.

இந்த வரிசையில் ஒரே ஒருவன் மாறிப் பேசுகிறான். "என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீ" என்று ஆதாம் ஆதியாகமம் 3:12-இல் சொல்கிறான். பாவம் செய்தவன் தேவனைக் காரணமாக்கும் முதல் வாக்கியம் அது. நம் குழுவில் எழும் "இதிலும் தேவசித்தம் இருக்கும்" அதன் பேரப்பிள்ளைதான்.

பார்வோனின் இருதயத்துக்கு ஒரு தனி இரவை ஒதுக்குங்கள். அவசரப்படுத்தினால் எல்லாரும் குழம்பிப்போவார்கள். யாத்திராகமம் 4 முதல் 14 வரை எடுத்து, யார் கடினப்படுத்தியது என்பதை இரண்டு நிறப் பென்சில்களால் குறிக்கச் சொல்லலாம். 4:21-இல் தேவன் முன்கூட்டியே தாம் கடினப்படுத்துவதாகச் சொல்கிறார். 8:15-இலும் 8:32-இலும் பார்வோன் தானே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான். 9:12-இல் கர்த்தர் கடினப்படுத்துகிறார். 9:34-இல் மறுபடியும் பார்வோன், உடனே 10:1-இல் மறுபடியும் கர்த்தர். ஒரே இருதயம், ஒரே கடினம், இரண்டு எழுவாய்கள். "பார்வோன் முதலில் தானே கடினப்பட்டான், பிறகுதான் தேவன்" என்று சுலபமாக முடித்துவிடச் சிலர் விரும்புவார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் 4:21 முன்னால் நிற்பதால் அது முழு விடையாகாது. எல்லாவற்றுக்கும் நடுவே 9:27-ஐக் கவனிக்கத் தவறாதீர்கள். கர்த்தர் தன் இருதயத்தைக் கடினப்படுத்திய பிறகு, கல்மழையில் நின்றுகொண்டு, பார்வோனே "நான் இந்த முறை பாவம்செய்தேன், கர்த்தர் நீதியுள்ளவர்" என்கிறான். எந்தத் தத்துவவாதியும் பார்வோனுக்காக எழுப்பும் முறையீட்டைப் பார்வோன் எழுப்பவில்லை.

சொற்களைப் பிரித்துக் காட்டுங்கள்

நம் மக்கள் பலர் விதி, தலையெழுத்து என்ற சொற்களோடு வளர்ந்தவர்கள். விசுவாசத்துக்கு வந்தபின் அந்த இடத்தில் "தேவசித்தம்" என்ற சொல்லை வைத்துவிட்டுப் பழைய பொருளையே வைத்துக்கொள்கிறோம். விதியைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கில்லை. ஊழின் பெருவலியைப் பாடிய வள்ளுவரே, தெய்வத்தால் ஆகாதெனினும் முயற்சி மெய்வருத்தக் கூலி தரும் என்றும் பாடினார். வினைக் கொள்கையும் செய்தவனையே பொறுப்பாக்குகிறது. "எல்லாம் தலையெழுத்து" என்று கையை விரிக்கும் பேச்சு வழக்கைத்தான் நாம் தேவன்மேல் ஒட்டிவிட்டோம். தலையெழுத்திடம் யாரும் ஜெபிப்பதில்லை, அது கட்டளை கொடுப்பதில்லை, பாவத்தைக் கண்டு துக்கப்படுவதுமில்லை. வேதத்தின் தேவன் இவை மூன்றும் உள்ளவர்.

"சித்தம்" என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருளில் ஆள்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். நடக்கும் எல்லாவற்றையும் தம் நோக்கத்துக்குள் அடக்கும் தேவனின் நிர்ணயம் ஒன்று. நாம் செய்ய வேண்டியதைச் சொல்லும் அவருடைய கட்டளை மற்றொன்று. சிலுவை முதற்பொருளில் அவருடைய சித்தம். இரண்டாம் பொருளில், குற்றமற்றவரைக் கொல்வது அவருடைய கட்டளைக்கு நேர்விரோதம். பேதுரு அப்போஸ்தலர் 2:23-இல் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறார்: தேவன் நிர்ணயித்த ஆலோசனையின்படி ஒப்புக்கொடுக்கப்பட்டார், நீங்களோ கொலைசெய்தீர்கள். கேட்டவர்கள் இருதயத்தில் குத்தப்பட்டு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். மனந்திரும்புங்கள் என்று பதில் வந்தது. நாம் கணக்குக் கொடுக்க வேண்டியது கட்டளைக்கு. மறைவானவைகள் கர்த்தருக்கும் வெளிப்படுத்தப்பட்டவைகள் நமக்கும் உரியவை என்று உபாகமம் 29:29 எல்லை வகுத்திருக்கிறது. சூதாட்டக்கூடத்தின் வாசலில் நிற்கிறவர் தேவனுடைய மறைவான நிர்ணயத்தை ஆராய வேண்டியதில்லை. இச்சியாதிருப்பாயாக என்பது அவருக்குத் தெரியும்.

"ஆனால் என்னால் அடக்க முடியவில்லையே" என்பார். இங்கே 18-ஆம் நூற்றாண்டின் அமெரிக்க இறையியலாளர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் செய்த வேறுபாடு உதவும். கை கட்டப்பட்டவனால் எழ முடியாது என்பது ஒருவகை இயலாமை; எழ மனமில்லாதவனால் எழ முடியாது என்பது இன்னொரு வகை. முதலாவது பொறுப்பை நீக்கும், இரண்டாவது நீக்காது, ஏனென்றால் அங்கே தடையாக நிற்பது அவனுடைய விருப்பமே. எங்கள் சகோதரரை ஒருவரும் உள்ளே தள்ளவில்லை. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்டணம் செலுத்தித்தான் உள்ளே போக முடியும். அந்தத் தொகையைத் தம் கையால் கட்டித்தான் போனார். அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்படுகிறான் என்று யாக்கோபு 1:14 சொல்வதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது. அதே சமயம், சூதாட்டப் பழக்கம் முற்றியவருக்குப் பிறர் கை தேவை என்பதையும் மறுக்கக் கூடாது. குடும்பத்தார் விண்ணப்பித்து, ஒருவர் நுழைவதைத் தடுக்கும் ஏற்பாடு இங்கே உண்டு. அந்த மனைவி விண்ணப்பிக்க நாங்கள் துணைநின்றோம், கணவரும் சம்மதித்தார். "நான் பாவம் செய்தேன்" என்று சொன்ன பிறகே அந்தச் சம்மதம் வந்தது.

உவமைகளில் எச்சரிக்கையாக இருங்கள். பொம்மலாட்டம் தேவனைப் பாவத்துக்குக் காரணராக்கிவிடும். பந்தயம் பார்க்கும் பார்வையாளர் உவமை அவரை ஆளுகையிலிருந்து இறக்கிவிடும். குயவனும் களிமண்ணும் வேதத்தின் உவமைதான், ஆனால் ரோமர் 9-ஐ எரேமியா 18-உடன் சேர்த்து வாசியுங்கள். அங்கே குயவனாகிய கர்த்தர், ஜாதியார் தங்கள் தீங்கைவிட்டுத் திரும்பினால் தாமும் நினைத்த தீங்கைச் செய்யமாட்டேன் என்கிறார். அசையாத மண்ணைப் பற்றிய உவமையன்று அது. ஏசாயா 10-இல் அசீரியன் தேவனுடைய கோபத்தின் கோலாக இருக்கிறான். அவனோ அப்படி எண்ணவில்லை, அழிக்கவே எண்ணினான். அந்த எண்ணத்துக்காகவே பின்னர் தண்டிக்கப்படுகிறான். எனக்கு இந்த அதிகாரம் எந்த உவமையையும்விட உதவியிருக்கிறது.

வேறு சபை மரபினர் அமர்ந்திருக்கும்போது

நம் குழுக்களில் ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவரும், டோர்செட் சாலை ஆங்கிலிக்கன் ஆலயத்துக்குப் போகிறவரும், 1888-இல் எழுந்த ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவரும் ஒரே சோபாவில் இருப்பார்கள். தேவன் பாவத்தை வெறுமனே அனுமதிக்கிறாரா, நோக்கத்தோடு நிர்ணயிக்கிறாரா என்பதில் அவர்களுக்குள் உண்மையான வேறுபாடு உண்டு. கால்வினின் வழிவந்தவர்கள் "அனுமதி" மட்டும் போதாது என்பார்கள். வெஸ்லியின் வழிவந்தவர்கள், மனிதன் தேவனைத் தேடும் முன்பே அவனிடம் வரும் "முந்திவரும் கிருபை" எல்லாருக்கும் பதிலளிக்கும் திறனைத் திருப்பித் தருகிறது என்பார்கள். அந்த வேறுபாட்டை ஓர் இரவில் தீர்க்க முயலாதீர்கள், மறைக்கவும் வேண்டாம். எல்லாரும் ஒத்துக்கொள்ளும் எல்லையை மட்டும் தெளிவாகக் காட்டுங்கள். தெய்வ வல்லமையால் சிலர் தீமைக்கென்று முன்குறிக்கப்பட்டார்கள் என்ற கருத்தை 529-இல் இன்றைய பிரான்சின் ஆரஞ்ச் நகரில் கூடிய சபைச் சங்கம் சபித்தது. முன்குறித்தலை மிக அழுத்தமாகச் சொல்லும் 1646-ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையே, தேவன் பாவத்தின் காரணகர்த்தா அல்லர், சிருஷ்டிகளின் சித்தம் பலவந்தப்படுத்தப்படுவதுமில்லை என்கிறது.

ஒருவர் தம் விளக்கத்தைச் சொல்லி முடித்ததும் இரண்டு கேள்விகளை அதன்முன் வையுங்கள். உங்கள் விளக்கத்தைக் கேட்டபின் பாவம் செய்தவர் "நான் செய்தேன்" என்று சொல்வாரா? காயப்பட்டவர் தேவனிடம் இன்னும் முறையிட முடியுமா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தால், விளக்கம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதில் எங்கோ ஓட்டை இருக்கிறது. முதல் பாவத்துக்குத் தேவன் ஏன் இடங்கொடுத்தார் என்று விடாமல் கேட்பவரிடம், தெரியாது என்று சொல்லுங்கள். பவுலும் ரோமர் 9:20-இல் விளக்கம் தராமல் கேட்பவனை அவனுடைய இடத்தில் நிறுத்துகிறார். ஆனால் அந்த அதிகாரத்தை இருதயத்தில் இடைவிடாத மனவேதனை உண்டு என்று தொடங்கியவரும், அடுத்த அதிகாரத்தை இஸ்ரவேலுக்கான ஜெபத்தோடு திறந்தவரும் அவரே. அந்தக் கண்ணீர் இல்லாதவர் அன்றைக்கு இந்தப் பாடத்தை எடுக்காமல் வேறு பாடம் எடுக்கலாம்.

ஜெபத்தில் முடிக்கும்போது

முடிவு ஜெபத்தை நீங்களே செய்துவிடாதீர்கள். முதலில் ஒவ்வொருவரும் தம் பாவத்தை மட்டும் மனதுக்குள் அறிக்கையிட நேரம் கொடுங்கள். தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்தேன் என்ற 51-ஆம் சங்கீதத்தின் நான்காம் வசனத்தை அதற்கு முன் வாசிக்கலாம். அதன்பின் பிறர் செய்த தீங்கால் வந்த பாரத்தைத் தேவனிடம் சொல்ல நேரம் கொடுங்கள். தேவனின் ஆளுகைக்காக நன்றி சொல்வது கடைசியில் வரட்டும். யாருக்கு இன்னும் நன்றி வரவில்லையோ அவர் மௌனமாக இருக்க அனுமதியுங்கள். எங்கள் சகோதரி ஏறக்குறைய ஓர் ஆண்டு அந்த நேரத்தில் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கணவர் ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் ஒரு பங்கை மகளின் பெயரில் போட்டுவந்தார். வரும் வாரத்துக்கு 2 சாமுவேல் 24-ஐயும் 1 நாளாகமம் 21-ஐயும் வீட்டில் வாசித்துவரச் சொல்லி, பலிபீடம் கட்ட ஒர்னானின் களத்தைத் தாவீது இலவசமாக வாங்க மறுத்த இடத்தில் அடிக்கோடிட்டு வரும்படி கேட்டு, அவர்களை அனுப்பிவையுங்கள்.